‘மற்றும் குழுவினர்’ அல்ல, அவருக்கும் பெயர் உண்டு

கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பந்தல் உபயம் யார் என்று இருக்கும். மைக் செட், வாணவேடிக்கை, அன்னதானம் என ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுத்தவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், பட்டப்பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். மூன்று நாளும் நின்ற இடத்தில் நின்று பறையடித்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘மேளதாளத்துடன்’ என்று ஒரு சொல் இருக்கும். மிஞ்சினால் ‘மற்றும் குழுவினர்’ என்று இருக்கும்.

இந்த நோட்டீஸ்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் படிப்பகத்துக்கு வந்து போகும் ஒரு தம்பிக்கு முதல் போஸ்டர் தயாரிக்க உட்கார்ந்தபோது எங்கள் மனதில் இருந்தது இதுதான். தம்பிக்கு 23 வயது. பி.ஏ. முடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறார். சொந்தமாக எழுதி ராப் பாடுகிறார். சேர்த்து வைத்த கூலியைக் கொண்டு மதுரையில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். அதில் பறை வாசித்திருப்பவர் அவருடைய அப்பா.

பாட்டை வெளியிட மூன்று படங்கள் தேவைப்பட்டன. பாட்டுச் செயலிகளில் தெரியும் சதுரமான அட்டைப் படம், யூடியூபில் தெரியும் முகப்புப் படம், சுவரில் ஒட்டும் போஸ்டர். “அண்ணே, நீங்களே பார்த்துச் செஞ்சு குடுங்க” என்றார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். டி.டி.பி. தெரிந்த கல்லூரி மாணவி ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். புதிய கலைஞருக்குப் படம் வடிவமைப்பது என்பது வெறும் கம்ப்யூட்டர் வேலை என்று அதுவரை நினைத்திருந்தோம்.

நாங்கள் செய்த தவறு

முதல் படத்தை ஒரே இரவில் முடித்தோம். உயர்ந்த முஷ்டி, அறுந்த சங்கிலி, பின்னால் தீ, நடுவில் வெற்று மார்போடு பறையடிக்கும் அவருடைய அப்பா. எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தம்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இதுல நான் இல்லையே.”

நாங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தோம். அவர் இடைமறித்தார். “எங்கய்யா முப்பது வருசமா எழவு வீட்டு வாசல்ல நின்னு அடிச்சாரு. அந்தப் படத்தக் காட்டித்தான் என்னைய யாருன்னு சொல்லணுமாண்ணே? என் பாட்டு அதப் பத்தி இல்ல. நான் காலேஜுக்கு பஸ்ல போனதப் பத்தின பாட்டு.”

அவர் சொன்னது உண்மை. அந்தப் பாட்டு காலை பஸ்ஸைப் பற்றியது. படிக்கட்டு, ஜன்னலோரம், பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்கும் ஒருவன், ‘நீ எந்தத் தெரு’ என்று கேட்கும் கண்டக்டர், கடைசியில் வகுப்பறையில் முதல் பெஞ்சு. கிண்டலும் சிரிப்பும் நிறைந்த பாட்டு. மூன்று முறை கேட்டும், அதில் இல்லாத தீயையும் சங்கிலியையும் வரைந்திருக்கிறோம். தலித் கலைஞர் என்றதும் எங்கள் கையே பழக்கமாக அந்தப் படத்தைப் போட்டுவிட்டது. ஊர் ஒரு அச்சில் அவரை வார்க்கிறது என்று பேசும் நாங்கள், இன்னொரு அச்சை எடுத்து வந்திருக்கிறோம்.

அன்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். படம் வரைவதற்கு முன்பு கலைஞரிடம் கேட்க வேண்டும். இந்தப் பாட்டு எதைப் பற்றியது? எந்த இடத்தில் நிற்க விரும்புகிறாய்? என்ன உடுத்த விரும்புகிறாய்? எதைக் காட்ட விரும்பவில்லை? கடைசிக் கேள்விதான் முக்கியமானது.

தம்பியின் பதில் எளிமையாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், ஷூ. தோளில் பறை. ஊர்ப் பேருந்து நிறுத்தம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நிற்க வேண்டும்.

இஸ்திரிச் சட்டை சின்ன விஷயம் இல்லை. செருப்புப் போட்டு நடக்கவும், வேட்டியைக் கால் வரை இறக்கிக் கட்டவும் சண்டை போட வேண்டியிருந்த தெருக்களில் இருந்து வந்தவர்கள் நாம். அண்ணல் அம்பேத்கரின் சிலை நாடு முழுக்கக் கோட்டு சூட்டில் நிற்பதன் பொருள் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பண்டிதர் அயோத்திதாசர் பயன்படுத்திய ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லில் இருந்து பெயர் எடுத்தார்கள். கானா பாடுபவர்களும் பறை அடிப்பவர்களும் கோட்டு சூட்டு அணிந்து அந்த மேடையில் நின்றார்கள். பாட்டைக் கேட்பதற்கு முன்பே கூட்டத்துக்கு ஒரு சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

முகத்தை மறைத்த அட்டைகள்

அட்டைப் படத்தில் யார் முகம் என்பது உலகம் முழுக்க நடந்த சண்டை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் கறுப்பின இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘மைல்ஸ் அஹெட்’ இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. உறையில் பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தார். இசை மைல்ஸுடையது, முகம் வேறு யாருடையதோ. அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். பின்னால் வந்த பதிப்புகளில் உறை மாற்றப்பட்டு அவருடைய படமே இடம்பெற்றது. 1961இல் வந்த ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ இசைத்தட்டின் உறையில் அவர் மனைவி பிரான்சஸ் டெய்லரின் முகம் இருந்தது. அவரும் கறுப்பினப் பெண். அன்றைய அமெரிக்கக் கடைகளில் அப்படி ஒரு உறை அபூர்வம்.

நம் காலத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலைக் கேட்காத ஊர் இல்லை. அந்த வரிகளை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தின் ‘நீயே ஒளி’ பாடலை எழுதியவரும் அவரே. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் இந்தப் பாடல்களைக் கொண்டாடி அட்டைப் படம் வெளியிட்டபோது, அட்டையில் பாடகி தீயும் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அதன் பிறகு அதே இதழ் அறிவின் படத்துடன் ஒரு டிஜிட்டல் அட்டையை வெளியிட்டது.

உலகப் புகழ் பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், டைல்ஸ் ஒட்டிக்கொண்டே பாடும் தம்பிக்கு என்ன நடக்கும்? அதனால்தான் முதல் படத்திலேயே முகமும் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறோம்.

வெளுக்க வைக்கும் கடை

படம் எடுத்தாகிவிட்டது. நகரத்தில் ஒரு கடையில் சோதனைக்கு அச்சடிக்கக் கொடுத்தோம். கடைக்காரர் நல்ல மனிதர். “கொஞ்சம் கலர் ஏத்தி விடுறேன், முகம் பளிச்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் நான்கு முறை மவுஸைத் தட்டினார். திரையில் இருந்தது தம்பியின் அண்ணன்போல வேறு யாரோ ஒருவர். அடுத்து, “பார்டருக்கு என்ன கலர்?” என்று கேட்டார். தென்மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். எந்தச் சாதிக்கு எந்த இரண்டு நிறம் என்பது இங்கே பள்ளிப் பிள்ளையின் கைக்கயிறு வரை போயிருக்கிறது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. போஸ்டரின் ஓரத்துக்கும் அதே கண் இருக்கிறது.

எங்கள் போஸ்டருக்குப் பார்டரே வேண்டாம் என்றோம். பேருந்து நிறுத்தத்தின் சுவரில் அரசு அடித்திருந்த மஞ்சள் பெயிண்ட் இருந்தது. எழுத்துக்கு நீலம். நீலம் நமக்கு யார் நிறம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தம்பி அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டபோது, “பஸ்ஸு நீலம்ணே” என்றார். இரண்டும் சரிதான்.

கறுப்பு முகத்தைப் படமெடுக்கத் தெரிய வேண்டும் என்பதையும் அன்று கற்றோம். இதிலும் ஒரு வரலாறு உண்டு. வண்ணப் புகைப்படம் பரவிய காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஒரு பெண்ணின் படம் கொண்ட அட்டையை அச்சகங்களுக்குக் கொடுத்தது. அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அந்தப் பெண் வெள்ளைக்காரர். அவர் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்தார்கள். கறுப்புத் தோல் கரியாக அப்பிப் போனது. இன்றைய போனில் ‘பியூட்டி’ என்ற பெயரில் வருவதும் அந்த அட்டையின் பேத்திதான்.

எனவே மாணவர்கள் கவனிக்க: முதலில் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலையில், அல்லது மர நிழலின் ஓரத்தில் எடுங்கள். வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால் போன் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, அங்கே வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். திரையில் தெரியும் நிறம் அச்சில் அப்படியே வராது, இன்னும் இருண்டு வரும். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அளவும் எழுத்தும்

பாட்டுச் செயலிகளுக்கான அட்டை சதுரமாக, 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் இருப்பது வழக்கம். அதில் போன் நம்பர், இணைய முகவரி, விலை எதையும் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் எழுதும் பாட்டுப் பெயரும் கலைஞர் பெயரும், பதிவேற்றும்போது தரும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். யூடியூப் முகப்புப் படம் 1280க்கு 720. அதன் வலது கீழ் மூலையில் நிமிடக் கணக்கு வந்து உட்காரும். அந்த இடத்தில் பெயரைப் போடாதீர்கள். போனில் அந்தப் படம் தீப்பெட்டி அளவில்தான் தெரியும். ஒரு முகம், நாலைந்து சொல், அதற்கு மேல் எதுவும் நிற்காது. சுவர் போஸ்டருக்கு 20 அங்குலத்துக்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் போதும். அச்சுக்குத் தரும் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் முகம் உடையாது.

அடுத்தது தமிழ் எழுத்து. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய் நிற்கும். எங்கள் முதல் பிரதியில் தம்பியின் பெயரே அப்படி உடைந்து வந்தது. கடையில் யாரும் கவனிக்கவில்லை. பெயரை முதலில் வாசித்துப் பாருங்கள், பிறகு படத்தைப் பாருங்கள். சரிபார்க்க வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இருந்தாலே போதும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இதில் நம் அமைப்புகளும் குற்றவாளிகள்தான். பாடகருக்கான பேனர் என்று சொல்லிவிட்டு மேலே தலைவர்கள் எட்டுப் பேர், பக்கவாட்டில் நிர்வாகிகள் பன்னிரண்டு பேர், கீழே நன்கொடையாளர்கள், எல்லாம் போக மூலையில் பாஸ்போர்ட் அளவில் பாடகர். எங்கள் பெயரையும் போடலாம் என்று ஒரு தோழர் சொன்னார். படிப்பகத்தின் பெயரை மட்டும் கீழே சிறிய எழுத்தில் போடுவது என்று முடிவானது. அந்த முடிவுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது.

பெயருக்குச் சட்டம் இருக்கிறது

போஸ்டரில் பெயர் போடுவது யாரோ செய்யும் உபகாரம் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, எழுதியவர் ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோர வழி செய்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 38ஆ பிரிவு, பாடியவரும் வாசித்தவரும் தம்மை அந்த நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டக் கோரும் உரிமையைத் தந்திருக்கிறது. பறையடிப்பவரும் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துபவர்தான். பாட்டைப் பதிவேற்றும்போது பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் என்று கேட்கும் கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்புங்கள். நாளை பாட்டு பெரிதாகி, பங்கு கேட்கும் நாள் வந்தால் அந்தக் கட்டங்கள்தான் பேசும்.

காலமும் மாறித்தான் வருகிறது. மதுரை மண்ணின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாட்டின் விருதுப் பட்டியலில் ஏறிய பெயர், ஊர்த் திருவிழா நோட்டீஸில் ஏற இன்னும் என்ன தடை?

எந்தச் சுவர்?

எங்கே ஒட்டுவது என்ற கேள்வியும் வந்தது. அடுத்தவர் சுவரிலும் பொதுச் சுவரிலும் அனுமதியின்றி ஒட்டுவதைத் தடுக்க 1959இலேயே இங்கு சட்டம் உண்டு. பெரிய பேனர் வேண்டாம் என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனதை நாடு பார்த்தது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கேள்வி இருந்தது. ஊர்த் தெருவில் இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒட்டலாமா? தம்பியின் அம்மா வேண்டாம் என்றார். “பாட்டு பாடுறது பாடட்டும், வம்பு வேணாம்ப்பா.” அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதைக் கோழைத்தனம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. தம்பிதான் போய் டீக்கடைக்காரரிடம் நேரில் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, “பாட்டு வந்ததும் கொண்டா, பாப்போம்” என்றிருக்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சுவர் இன்னும் காலியாக இருக்கிறது.

சோதனைப் பிரதியைப் படிப்பகத்தின் உள்சுவரில் ஒட்டினோம். மாலையில் தம்பியின் அப்பா வந்தார். கீழே ‘பறை’ என்று போட்டு அவருடைய பெயரைப் பாடகர் பெயருக்கு அடுத்த வரியில் அச்சடித்திருந்தோம். அவரால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம்.

“இனிசியல் போடலையா?” என்று கேட்டார். “எங்கய்யாதான் எனக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்தாரு.”

மாணவி மடிக்கணினியைத் திறந்தார். அந்த ஓர் எழுத்தைச் சேர்க்க அரை நிமிடம் ஆனது. மூன்று படங்களிலும் சேர்த்தோம்.

பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, தம்பியின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் இங்கே எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பாட்டு இன்னும் வெளிவரவில்லை. தன் பெயரை முதன்முதலில் தன்னுடைய போஸ்டரில்தான் ஊர் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த திருவிழா நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்போது, பறையடிப்பவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அச்சுக்குப் போவதற்கு முன்பே அடுத்த ஆண்டு போய்க் கேளுங்கள்.